அந்த மஞ்சள் பலகையைத் தேய்க்காதீர்கள்: பழைய ஸ்னோபோர்டுகள், செய்தவர்கள், பழுதுகள்

கேள்வி, டிசம்பர் 2

ஸ்னோபோர்டை, அதாவது பனிச்சரிவில் நின்றபடி சறுக்கும் பலகையை, கண்டுபிடித்தவர் ஜேக் பர்டன், 1977, வெர்மான்ட். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? என் கைக்கு வந்திருக்கும் பழைய பலகையில் பர்டன் என்று எங்கும் எழுதவில்லை. மஞ்சள் நிறம், கருப்புக் கோடுகள். மூக்கில் ஒரு துளை இருக்கிறது, கயிறு இல்லை. பைண்டிங்கும் (காலைப் பலகையோடு கட்டும் பிடி) இல்லை, அதைக் கழற்றிய ஆணித்துளையும் இல்லை. பெயின்ட் அங்கங்கே உரிகிறது. உப்புத்தாள் போட்டு வார்னிஷ் அடித்து, பைண்டிங் வாங்கி மாட்டலாம் என்று நினைக்கிறேன். எந்த பைண்டிங் பொருந்தும்?

டிசம்பர் 2, மதியம்

தேய்க்காதீர்கள். பைண்டிங்கும் வாங்காதீர்கள், அந்தப் பலகைக்கு அது கிடையவே கிடையாது. மீதியை இரவு எழுதுகிறேன்.

டிசம்பர் 2, இரவு

உங்களிடம் இருப்பது ஸ்னர்ஃபர். மிஷிகன் மாநிலம் மஸ்கீகனில் 1965 கிறிஸ்துமஸ் அன்று ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீகளைப் பக்கத்தில் பக்கம் வைத்துக் குறுக்குச் சட்டம் அடித்தார். அதிலிருந்து வந்தது இது. ஸ்னோ (பனி), சர்ஃபர் (அலைச்சறுக்குபவர்) இரண்டையும் ஒட்டிப் பெயர் வைத்தவர் அவர் மனைவி நான்சி. பௌலிங் சாதனங்களுக்குப் பெயர்போன பிரன்ஸ்விக் நிறுவனம் 1966-இல் உரிமம் வாங்கி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பாப்பனின் காப்புரிமை எண் 3,378,274, கிடைத்தது 1968 ஏப்ரலில். அதில் பொருளின் பெயர் "அலைச்சறுக்கு வகைப் பனி ஸ்கீ" என்ற பொருளில்தான் இருக்கிறது. பலகை என்ற சொல்லே தலைப்பில் இல்லை.

முதலில் காலத்தைப் பாருங்கள். பிரன்ஸ்விக் பெயர் இருந்தால் 1966-க்கும் 1970களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது. ஜெம் என்ற பெயர் இருந்தால் அதற்குப் பிந்தியது, பிரன்ஸ்விக் விட்டதும் உற்பத்தியை எடுத்தவர்கள் அவர்கள்தான். நீளம் 4 அடியை ஒட்டி இருக்கும். மேலே பாதம் வைக்கும் இடத்தில் வரிசையாக உலோகக் கொக்கிகள் அடித்திருக்கிறதா? தாள் கோக்கும் ஸ்டேப்ளர் முள் போல? ஷூ வழுக்காமல் இருக்க அவ்வளவுதான் ஏற்பாடு. மூக்குத் துளை கயிற்றுக்கானது. ஒரு கையில் கயிற்றை இழுத்துப் பிடித்தால் மூக்கு பனிக்குள் புதையாது. கீழே விழுந்தால் பலகை தனியாக மலையிறங்கிப் போகாமலும் இருக்கும். திருப்புவதற்குக் கயிறு அதிகம் உதவாது, உடம்பைச் சாய்த்துத்தான் திருப்ப வேண்டும்.

நீங்கள் தேய்க்கப் போகும் அந்தக் கருப்புக் கோடும் மஞ்சளும்தான் பலகையின் பிறப்புச் சான்றிதழ்.

டிசம்பர் 3

பெயின்ட் உரிவதைப் பற்றி. உரிந்த செதிலைப் படியவைக்க அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு (அருங்காட்சியகங்களில் பயன்படும் பிசின்) 5 விழுக்காடு, மெல்லிய தூரிகையால்.

டிசம்பர் 3, ஒரு மணி நேரம் கழித்து

மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். அருங்காட்சியகக் கல்லுக்கும் பானை ஓட்டுக்கும் சரியாக வரும் வைத்தியத்தை மரத்தின் மேல் இருக்கும் அறுபதுகள் பெயின்டுக்குச் சொல்லிவிட்டேன். அசிட்டோன் பட்டால் அந்தப் பெயின்டே இளகிவிடும். செதில் படிவதற்குள் நிறம் தூரிகையோடு வந்துவிடும்.

சரியான வழி: மீன் பசை, வெதுவெதுப்பான நீரில் 3 விழுக்காடு. ஊசிமுனைத் தூரிகையில் தொட்டுச் செதிலின் ஓரத்தில் வைத்தால் பசை தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் விட்டு, மேலே சிலிக்கோன் தாள், அதன் மேல் மெத்தென்ற துணி, அதற்கு மேல் அரை கிலோ எடை. ஓர் இரவு. உள்ளங்கை அளவு இடம் முடிந்த பிறகே அடுத்த இடம். எல்லாவற்றுக்கும் முன்னால் கண்ணில் படாத ஒரு மூலையில் ஈரப் பஞ்சுக்குச்சியை உருட்டிப் பாருங்கள். பஞ்சில் மஞ்சள் ஏறினால் தண்ணீரே ஆகாது. அப்போது கையை எடுத்துவிட்டுத் தூசி மட்டும் தட்டுங்கள்.

கொக்கிகளில் துரு இருந்தால் பிடுங்க வேண்டாம். பல் துலக்கும் மென்மையான பிரஷ், பிறகு நுண்படிக மெழுகை மிக மெல்லிதாக. பிடுங்கிப் புதிதாக அடித்தால் பழைய துளையில் நிற்காது. பக்கத்தில் அடித்தால் மரம் பிளக்கும்.

டிசம்பர் 5

இப்போது "கண்டுபிடித்தவர் பர்டன்" என்ற வரிக்கு.

பர்டன் 14 வயதில், 1968-இல், கையில் வாங்கியதே ஒரு ஸ்னர்ஃபர். ஒன்பது வருடம் கழித்து நிறுவனம் தொடங்கியபோது அவருக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு வரிசை நின்றது. எழுதுகிறேன், ஒழுங்கில் இருக்காது.

1929-இல் ஜாக் பர்செட் என்பவர் ஒட்டுப்பலகை ஒன்றை வெட்டி, துணிக்கொடிக் கயிறும் குதிரைக் கடிவாள வாரும் வைத்துக் காலைக் கட்டிக்கொண்டார் என்ற செய்தி எல்லா வரலாற்றுப் பட்டியலிலும் வரும். மினசோட்டாவின் வெர்ன் விக்லண்ட் 1917-இல் சிறுவனாக ஒன்று செய்தார். அதன் வளர்ந்த வடிவத்துக்கு 1939-இல் பர்கசன் சகோதரர்களோடு சேர்ந்து காப்புரிமை எடுத்தார். பெயர் பங்கர். அதையும் சறுக்குவண்டி என்ற வகையில்தான் பதிந்தார்கள். நின்று ஓட்டும் பொருளுக்கு அப்போது வகையே இல்லை.

இவர்கள் எல்லாருக்கும் முன்னால் துருக்கியில், கருங்கடலோர ரீஸே மாகாணத்து மலைக்கிராமம் பெட்ரானில், பலகை மேல் நின்று ஒரு கையில் கயிறும் மறுகையில் தடியுமாக இறங்குகிறார்கள். தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். அவர்கள் யாரிடமும் காப்புரிமை கேட்கவில்லை, போட்டியும் வைக்கவில்லை, அதனால் பட்டியலில் கடைசியாகத்தான் வருவார்கள்.

ஆக, "முதலில் யார்" என்பதற்கு ஒரு பெயரைச் சொன்னால் அது யாரோ ஒருவரின் விளம்பரமாகத்தான் முடியும். காலை எப்படிப் பிடித்தார்கள், பலகையின் ஓரத்தைப் பனியில் எப்படிக் கடிக்கவைத்தார்கள் என்று கேட்டால் பதில் கிடைக்கும். அதற்குப் பலகையைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

டிசம்பர் 6

பெயர் பற்றி ஒரு சிறு சேர்க்கை. ஸ்னர்ஃபர் பதிவுசெய்த வணிகப் பெயர். அதனால் அடுத்து வந்த யாரும் தங்கள் பொருளை அப்படி அழைக்க முடியவில்லை. யூட்டாவில் பலகை செய்த டிமிட்ரி மிலோவிச் பனி சர்ஃப்போர்டு என்றார், பர்டன் ஸ்னோபோர்டு பக்கம் போனார். பாப்பன் பெயரை இவ்வளவு இறுக்கிப் பிடிக்காமல் இருந்திருந்தால் இன்று விளையாட்டுக்கே ஸ்னர்ஃபிங் என்று பெயர் நின்றிருக்கும் என்பது என் ஊகம்.

டிசம்பர் 9

விண்டர்ஸ்டிக் பலகை எங்கே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, விட்டிருக்கக் கூடாது.

டிமிட்ரி மிலோவிச் நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தபோது உணவக டிரேயில் பனிச்சரிவில் சறுக்கியதிலிருந்து தொடங்கியவர். படிப்பை விட்டு யூட்டாவுக்குப் போனார். 1970களின் முதல் பாதியில் விண்டர்ஸ்டிக், 1974-இல் காப்புரிமை. இவர் வந்தது சர்ஃப்போர்டு வழி. மரப்பலகையை வளைப்பதற்குப் பதில் ஃபோம் உள்ளீடு, மேலே ஃபைபர் கிளாஸ். வால் இரண்டாகப் பிளந்த தகைவிலான் குருவி வால்.

அந்த வால் அழகுக்கு இல்லை. ஆழமான தூள்பனியில் பலகை மிதக்க வேண்டுமானால் மூக்கு மேலேயும் வால் கீழேயும் இருக்க வேண்டும். வாலின் நடுவே பொருளை எடுத்துவிட்டால் அங்கே தாங்கும் பரப்பு குறையும், வால் தானாக அமிழும், மூக்கு தானாக எழும். ஸ்னர்ஃபரில் கயிறு செய்த வேலையை இங்கே வடிவமே செய்கிறது. கெட்டிப்பனியில் இதே வால் தொல்லை. இரண்டு நுனியும் தனித்தனியே வளைந்து நடுங்கும்.

பழுது பார்ப்பவர்களுக்கு: பிளவின் உச்சிதான் முதலில் கீறும் இடம். அங்கே ஃபைபர் இழைகள் வெள்ளையாகத் தெரிந்தால் தண்ணீர் ஃபோமுக்குள் போயிருக்கும். எடை போட்டுக் குறித்துக்கொண்டு, காற்றோட்டமான அறையில் வாலை மேலே வைத்து வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகுதான் எபாக்ஸி பசை. ஈரத்தோடு மூடினால் அடுத்த உறைபனியில் உள்ளே பனிக்கட்டி விரிந்து, மூடிய இடத்துக்குப் பக்கத்தில் கிளம்பும்.

டிசம்பர் 10

டாம் சிம்ஸ்: 1963, நியூஜெர்சி ஹேடன்ஃபீல்டு, பள்ளி மரவேலை வகுப்பு. மரப்பலகை, மேலே கம்பளம் ஒட்டினார், அடியில் அலுமினியத் தகடு. ஷூ வழுக்கக் கூடாது, பலகை வழுக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பாப்பனுக்கு இரண்டு வருடம் முந்தியவர், ஆனால் அப்போது விற்பனைக்குப் போகவில்லை.

அவர் பின்னால் கலிபோர்னியாவில் ஸ்கேட்போர்டு நிறுவனம் நடத்தியபோது வந்ததுதான் "பறக்கும் மஞ்சள் வாழைப்பழம்". பாப் வெபர் வடிவமைத்த பாலிஎத்திலீன் ஓடு, அதன் மேல் ஸ்கேட்போர்டு பலகை. நிறமும் வளைவும் பெயருக்கு ஏற்றபடி.

உங்கள் மஞ்சள் இது இல்லை. இது பிளாஸ்டிக், உங்களுடையது மரம். நகத்தால் தட்டினாலே சத்தம் சொல்லிவிடும்.

டிசம்பர் 11

வாழைப்பழ ஓட்டில் விரிசல், எபாக்ஸி ஒட்டவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒட்டாது. பாலிஎத்திலீன் மேல் பசை பரவவே பரவாது, தாமரை இலைத் தண்ணீர். காய்ந்ததும் தோல் உரிவது போல் முழுசாக வந்துவிடும்.

வழி, பிளாஸ்டிக் வெல்டிங். விரிசலின் இரண்டு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டு ஓடுவதை நிறுத்துங்கள். விரிசல் நெடுக ஆங்கில வி வடிவப் பள்ளம், ஆழம் ஓட்டின் தடிமனில் முக்கால். அதே வகைப் பாலிஎத்திலீன் கம்பியை வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் இளக்கி நிரப்பவும். கம்பியும் பள்ளமும் ஒரே நேரத்தில் பளபளப்பாக வேண்டும். கம்பி மட்டும் இளகினால் மேலே உட்காருமே தவிர உள்ளே பிடிக்காது. முதலில் ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கில் பழகுங்கள். நிறம் பொருந்தாது. பொருந்தாமல் இருப்பதே நல்லது, பிறகு பார்ப்பவருக்கு எது பழையது எது ஒட்டு என்று தெரியும்.

டிசம்பர் 15

பர்டன் ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள். அவர் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. வெர்மான்ட் லண்டன்டெரியில் 1977-இல் தொடங்கி, சுமார் 100 மாதிரிகளை அறுத்து, ஒட்டி, உடைத்த பிறகுதான் விற்கும் பலகைக்கு வந்தார். மர அடுக்குகளை ஒட்டி மூக்கை வளைத்த பேக்ஹில், விலை 88 டாலர். அன்றைக்கு ஸ்னர்ஃபர் அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைத்ததால் இது பொம்மை இல்லை என்று கடைக்காரருக்குப் புரியவைப்பதே பெரிய பாடு.

அவருடைய முக்கியமான பங்கு காலைப் பலகையோடு கட்டியது. 1979-இல் மிஷிகனில் ராக்ஃபோர்டு அருகே பேண்டோ மலையில் ஸ்னர்ஃபர் போட்டிக்குத் தன் பலகையோடு வந்தார். இது ஸ்னர்ஃபர் இல்லை, சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு. பால் கிரேவ்ஸ் உள்ளிட்ட ஸ்னர்ஃபர் வீரர்களே அவருக்காகப் பேசினார்கள். கடைசியில் திருத்திய பலகைகளுக்கு என்று தனிப் பிரிவு திறந்தார்கள். அதில் கலந்துகொண்டவர் ஒரே ஒருவர், வென்றவரும் அவரே. அன்று கூட்டத்தை அசத்தியது கிரேவ்ஸ்தான், ஸ்னர்ஃபர் மேல் முழுச்சுற்றுச் சுழற்சியும், எல்லைக்கோட்டில் குட்டிக்கரணம் போட்டு இறங்கியதும்.

அதே கிரேவ்ஸ் 1982-இல் வெர்மான்ட் வுட்ஸ்டாக்கின் சூயிசைடு சிக்ஸ் சரிவில் தேசியப் போட்டி நடத்தினார். தொடக்க வாசல் கவிழ்த்துப் போட்ட சமையலறை மேசை. பலகையில் எஃகு ஓரம் கிடையாது, சரிவோ இறுகிய பனிக்கட்டி. சிம்ஸ் மணிக்கு 60 மைல் வேகத்தில் இறங்கினார் என்று பதிவு. நிற்பதற்கு என்ன வழி என்று கேட்காதீர்கள், கீழே வைக்கோல் கட்டு அடுக்கியிருந்தார்கள்.

டிசம்பர் 16

"எஃகு ஓரம் இல்லாமல் எப்படி?" துடுப்பு வைத்து. அடியில், வால் பக்கம், சர்ஃப்போர்டில் இருப்பது போன்ற துடுப்பு. நேராகப் போக உதவும். ஆனால் பலகையைக் குறுக்கே திருப்பி வழுக்கி வேகம் குறைப்பதுதான் இன்றைய பிரேக், துடுப்பு அதைத் தடுக்கும். கெட்டிப்பனியில் துடுப்பு பதியவும் பதியாது, பலகையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். 1985-இல் சிம்ஸ் 1500 எஃப்இ, பர்டன் பெர்ஃபார்மர் இரண்டிலும் உலோக ஓரம் வந்ததும் துடுப்பு காணாமல் போனது.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஜெஃப் கிரெல் செய்த ஹைபேக்கை இங்கே சேர்க்க வேண்டும். பைண்டிங்கின் பின்னால் ஆடுசதை வரை எழும் தாங்கி. குதிகால் பக்கம் திரும்பும்போது கால் பின்னால் சாயும். தாங்கி இல்லையென்றால் கணுக்கால் மடங்கும், பலகை தட்டையாகவே கிடக்கும். தாங்கி இருந்தால் ஆடுசதை அதைத் தள்ளும், விரல் பக்கம் எழும், குதிகால் ஓரம் கடிக்கும். எஃகு ஓரம் மட்டும் வந்து ஹைபேக் வராமல் இருந்திருந்தால் பாதிப் பயன்தான். என்னைக் கேட்டால் இந்த இழையில் அதிகம் பேசப்பட வேண்டியவர் கிரெல். அவர் பெயரில் பெரிய நிறுவனம் நிற்கவில்லை, அதனால் பேச்சும் இல்லை.

டிசம்பர் 20

துளையை வைத்துக் காலம் கணிக்கும் விதம், பலர் கேட்டதால்:

துளையே இல்லை, மூக்குக் கயிற்றுத்துளை மட்டும் என்றால் ஸ்னர்ஃபர் குடும்பம். மேலே மரத்திருகுகள், அடியில் எதுவும் தெரியாது என்றால் எழுபதுகளின் கடைசி, எண்பதுகளின் முதல் பாதி. பலகைக்குள்ளேயே பதித்த திருகுமரை எண்பதுகளின் பின்பகுதியில்தான் பரவியது. முக்கோணமாக மூன்று துளை என்றால் தொண்ணூறுகளின் பர்டன்.

ஓரம்: இல்லை என்றால் 1985-க்கு முன்னால் இருக்க வாய்ப்பு அதிகம். வால்: வட்டமாக எழுந்த வால் என்றால் 1985-க்குப் பின், டெர்ரி கிட்வெல் என்ற வீரர் பெயரில் சிம்ஸ் விட்ட பலகைதான் அந்த வடிவத்தை நிலைநிறுத்தியது. மூக்கும் வாலும் ஒரே மாதிரி என்றால் 1987 பார்ஃபுட் பலகைக்குப் பின். சக் பார்ஃபுட் முன்னர் சிம்ஸோடு வேலை செய்தவர்.

மேலே எந்தப் பெயரும் இல்லாத பர்டன் கிடைத்தால் போலி என்று தூக்கிப் போடாதீர்கள். கிரெய்க் கெல்லி என்ற வீரர் சிம்ஸிலிருந்து பர்டனுக்கு மாறியதில் வழக்கு நடந்தது. அவர் பெயரைப் போட முடியாமல் 1988–89-இல் வந்ததுதான் மிஸ்டரி ஏர். வழக்கு முடிந்த பிறகே கிரெய்க் கெல்லி ஏர்.

டிசம்பர் 21

நேற்றைய குறிப்பில் "ஓரம் இல்லை என்றால் 1985-க்கு முன்" என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு ஒருவர் புதிய பலகையைப் பழையது என்று விலை பேசியிருக்கிறார். ஸ்னர்ஃபரும் மறுபடி செய்யப்பட்டிருக்கிறது. பர்டன் த்ரோபேக் என்று கயிறும் ஃபோம் ஒட்டும் உள்ள பலகையை இந்த நூற்றாண்டில் விற்றிருக்கிறது. ஒரே அடையாளத்தை நம்பாமல் குறைந்தது மூன்று அடையாளங்கள் பொருந்துகின்றனவா பாருங்கள். திருகுத் தலையில் ஆறுமுனை நட்சத்திரக் குழி (டார்க்ஸ், சாதாரணக் கூட்டல் குறிக் குழி இல்லை) இருந்தால் அந்தத் திருகு எழுபதுகளில் போட்டதாக இருக்க வாய்ப்பு குறைவு.

விலை பற்றி: ஸ்னர்ஃபர் மொத்தம் 10 லட்சம் வரை விற்றதாகத்தான் சொல்வார்கள். அரிய பொருள் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். அரிது, பெயின்ட் கெடாத ஸ்னர்ஃபர்.

ஜனவரி 4

அடுக்கு விட்டுப்போன மரப்பலகை. இதுதான் அதிகம் வரும் பழுது, நீளமாகவே எழுதுகிறேன்.

ஏன் விடுகிறது: வளைந்த மூக்கில் அடுக்குகள் எப்போதும் நிமிரப் பார்க்கும். பசைதான் அவற்றைக் கட்டிவைத்திருக்கிறது. கோடையில் கராஜ் சூடு, மழையில் ஈரம் என்று ஐம்பது வருடம் ஆனதும் ஓரத்திலிருந்து வாய் திறக்கும்.

முதலில் மரம் உலர வேண்டும். அறையின் ஈரப்பதம் 45 விழுக்காட்டை ஒட்டி, மூன்று வாரம். அப்போது மரத்துக்குள் ஈரம் 8, 9 விழுக்காட்டில் வந்து நிற்கும். ஹீட்டர் முன்னால் வைத்து அவசரப்படுத்தினால் மேல் அடுக்கு சுருங்கி, புதிய இடத்தில் பிளக்கும்.

பிறகு மெல்லிய கத்தியால் வாயை லேசாகத் திறந்து, காற்றடித்துத் தூளை வெளியேற்றுங்கள். திறக்காத இடத்தை வம்பாகத் திறக்க வேண்டாம். பழைய மெழுகு உள்ளே போயிருந்தால் பசை பிடிக்காது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியைக் கத்தியில் சுற்றி இரண்டு முறை இழுங்கள், பெயின்ட் மேல் படாமல்.

எபாக்ஸி மெதுவாக இறுகும் வகை. ஐந்து நிமிட எபாக்ஸி கூடாது, கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கவ்வி) எடுப்பதற்குள் கையிலேயே கட்டியாகும். பசை டப்பாவை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் நீர்த்துப் போகும், ஊசி இல்லாத சிரிஞ்சில் ஏற்றி வாயின் ஆழம் வரை விடலாம். சூடு ஏறினால் இறுகும் நேரம் குறையும், ஆகவே ஒரு தடவைக்கு 20 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள்.

கிளாம்ப் 8 செ.மீ.க்கு ஒன்று. பலகைக்கும் கிளாம்புக்கும் நடுவே மெழுகுத்தாள், பின் மரத்துண்டு. வளைந்த மூக்குக்கு நேரான மரத்துண்டு வைத்தால் வளைவு தட்டையாகும் அல்லது முறியும். அதே வளைவில் ஃபோமோ மரமோ அறுத்து அச்சு செய்துகொள்ளுங்கள். இறுக்கம் மிதமாக இருக்க வேண்டும், ஓரத்தில் பசை முத்து முத்தாக எட்டிப்பார்த்தால் போதும். வழிந்து ஓடினால் உள்ளே பசையே மிஞ்சாது, அடுத்த வருடம் மறுபடி வாய் திறக்கும். வெளியே வந்த முத்தை இறுகுவதற்குள் துடையுங்கள். 24 மணி நேரம் கழித்து எடுங்கள்.

ஜனவரி 5

"மரத்துக்கு மரவேலைப் பசையே போதாதா?" இரண்டு முகமும் நெருக்கமாகப் பொருந்தினால் போதும். ஐம்பது வருடம் விலகியிருந்த அடுக்கு பொருந்தாது, இடைவெளி இருக்கும். எபாக்ஸி இடைவெளியை நிரப்பியே பிடிக்கும். எதிர்வாதமும் இருக்கிறது: எபாக்ஸியைப் பின்னால் பிரிக்க முடியாது. பலகை அருங்காட்சியகத்துக்குப் போகும் தரம் என்றால் ஒட்டாமல் பருத்திநாடா கட்டி வைப்பதுதான் சரி. இதில் என் மனம் இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை.

ஜனவரி 12

பக்கவெட்டு, அதாவது பலகையின் பக்கம் இடுப்பில் உள்வாங்கும் வளைவு, அளப்பது. பலகையின் ஒரு பக்கத்தில் மூக்கருகே அகன்ற இடத்தையும் வாலருகே அகன்ற இடத்தையும் தொடும்படி நேர்ச்சட்டம் வையுங்கள். அந்த நீளத்தை அதனாலேயே பெருக்கி, இடுப்பில் சட்டத்துக்கும் பலகைக்கும் உள்ள ஆழத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் வளைவு ஆரம்.

ஜனவரி 13

நான்கு இல்லை, எட்டு மடங்கு. யாராவது கணக்குப் போட்டிருந்தால் விடையைப் பாதியாக்குங்கள். எடுத்துக்காட்டு: நீளம் 120 செ.மீ., ஆழம் 1.8 செ.மீ. 14,400-ஐ 14.4-ஆல் வகுத்தால் 1,000 செ.மீ., அதாவது 10 மீட்டர். அதே நீளத்தில் ஆழம் 0.6 என்றால் 30 மீட்டர். 30 மீட்டர் ஆரமுள்ள பலகை சாய்த்தாலும் திரும்பாது, திரும்புவது போல் நினைத்துக்கொள்ளும். வாஷிங்டன் மாநிலத்து மைக் ஓல்சன் தன் ஜிஎன்யூ பலகைகளில் பக்கவெட்டை ஆழமாக்கியதன் அர்த்தம் இந்தக் கணக்கில் தெரியும்: ஓரத்தில் சாய்த்தால் பலகையே வட்டம் போடும், வாலை உதறித் தள்ள வேண்டாம்.

ஜனவரி 19

எண்பதுகள் பலகைக்கு மெழுகு ஏற்றலாமா? ஏற்றலாம், சூடுதான் சிக்கல். அடிப்பரப்பு பாலிஎத்திலீன், 130 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். ஆனால் அந்தக் காலத்து எபாக்ஸி அதற்கு எத்தனையோ முன்னாலேயே இளகும். அயர்ன் ஒரே இடத்தில் நின்றால் ஓர எஃகு சூட்டை இழுத்து உள்ளே கடத்தும், மறுநாள் ஓரத்தில் கொப்புளம். தாழ்வெப்ப மெழுகு, அயர்ன் புகைவிடாத சூட்டில், நிற்காமல் நகர்த்துங்கள். மேல்பக்கம் தொட்டால் வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது. மாட்டிவைக்கத்தான் பலகை என்றால் குளிர்ந்த மெழுகைத் துணியால் தேய்த்தாலே போதும், காற்றில் அடிப்பரப்பு வெளுப்பது குறையும்.

ஸ்னர்ஃபருக்கு அயர்ன் கூடவே கூடாது.

ஜனவரி 20

பழைய பூட்ஸ், பைண்டிங் வாங்குபவர்களுக்கு: பாலியூரித்தேன் பிளாஸ்டிக் ஈரக்காற்றிலேயே சிதையும், பயன்படுத்தாமல் பெட்டியில் இருந்தாலும். வெளியே புதிதாகப் பளபளக்கும், முதல் திருப்பத்தில் பிஸ்கட் போல நொறுங்கும். கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். தழும்பு விழுந்து மெல்ல மறைந்தால் சரி. பிசுபிசுத்தால், அல்லது சின்னச் சின்ன வலைவிரிசல் தெரிந்தால், அலமாரிக்கு. ரப்பர் வார்களை வளைத்துப் பாருங்கள், வளைவில் குறுக்கே கோடு விழுந்தால் ஓசோன் தின்றிருக்கிறது, சரிசெய்ய வழியில்லை.

பிப்ரவரி 2

கேள்வி கேட்டவர் படம் போட்டிருக்கிறார். கொக்கிகள் இருக்கின்றன, பிரன்ஸ்விக் பெயர் இருக்கிறது. நல்லவேளை, தேய்க்கவில்லை. ஒரு ஓரத்தில் மட்டும் உப்புத்தாள் தடம் தெரிகிறது, அதை அப்படியே விடுங்கள், ஒட்டி நிறம் பூச வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்கிறார். 15 செ.மீ.க்கு மேல் புதுப்பனி, குழந்தைகள் சறுக்கும் அளவு சரிவு, கீழே நீண்ட சமதரை இருந்தால் ஓட்டலாம். ஸ்கீ மையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். 1985-இல் அமெரிக்காவில் சுமார் 600 மையங்களில் 39 மட்டுமே ஸ்னோபோர்டை விட்டன. இன்று ஏறக்குறைய எல்லாமே விடுகின்றன, ஆனால் காலில் கட்டாத, எஃகு ஓரமில்லாத பலகையை லிஃப்டில் ஏற்ற மாட்டார்கள், ஏற்றாததுதான் சரி.

கயிறு: 8 மி.மீ. பருத்தி. நைலான் போட்டால் மூக்குத் துளையின் விளிம்பை அறுக்கும். துளைக்கு அடியில் முடிச்சு வெளியே நீட்டினால் பனியில் இழுபடும், எனவே மேலிருந்து கீழே விட்டு, அடியில் '8' வடிவ முடிச்சு ஒன்றைச் சின்னதாகப் போட்டு, பள்ளம் இருந்தால் அதற்குள் அமுக்குங்கள். பள்ளம் இல்லையென்றால் மூக்கின் வளைவு தொடங்கிய பிறகே துளை இருக்கும், முடிச்சு தரையைத் தொடாது. நீளம், பலகை மேல் நின்று கையைத் தொங்கவிட்டால் இடுப்புக்கு வரவேண்டும். மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள், கையில் பிடித்தால் போதும். விழும்போது விட முடிய வேண்டும்.